வலி கடைசியில்தான் வரும்

திருவண்ணாமலையில் நான் கிளினிக் போட்டது 1988-ல். அப்போது இது தனி மாவட்டம்கூட ஆகவில்லை. வட ஆற்காட்டிலிருந்து பிரித்தது அடுத்த வருஷம்தான். தேரடி வீதியிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் மாடி அறை, ஒரு நாற்காலி, உதவிக்கு ஒரு கம்பவுண்டர். படித்தது சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி. 1980-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் ஆரம்ப வருஷத்து மாணவர்களில் நானும் ஒருவன். படித்து முடித்து ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பல்லுக்குன்னு தனியா ஒரு டாக்டரா? பெரியாஸ்பத்திரியிலயே புடுங்கி விடுறாங்களே?"

பிடுங்குவதுதான் பல் வைத்தியம் என்றிருந்த காலம். என்ன செய்ய வேண்டும் என்பதை நோயாளியே முடிவு செய்துகொண்டுதான் படியேறுவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் விரலை வாய்க்குள் விட்டு, "இந்தக் கடவாப் பல்லு சார், எடுத்துடுங்க" என்பார். தண்டராம்பட்டு, வேட்டவலம், கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பார். வலி தொடங்கி எத்தனை நாளாச்சு என்றால், மல்லாட்டை பிடுங்குவதற்கு முன்னாலிருந்தே என்பார். அறுப்பு முடிந்து கையில் நாலு காசு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். அதுவரை மருந்துக்கடை மாத்திரை, கிராம்புத் தைலம், கொஞ்சம் உப்புத் தண்ணீர்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் கூடவே வரும். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று தாளில் படம் போட்டுக் காட்டுவேன். இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட வேண்டியிருக்கிறது.

கிராமங்களில் "பல் பூச்சி" எடுப்பவர்கள் இருந்தார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்க வைத்து, வெள்ளையாக எதையோ எடுத்து இலையில் வைத்துக் காட்டுவார்கள். வலி நின்றுவிட்டது என்று சத்தியம் செய்த பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை, வலி நின்றிருக்கும். பல்லுக்குள் புழு கிடையாது. சொத்தை உள்ளே இறங்கி நரம்பு சாகும்வரைதான் அந்த உயிர்போகும் வலி. நரம்பு செத்ததும் எந்த வைத்தியமும் இல்லாமலேயே வலி அடங்கிவிடும். பூச்சி போய்விட்டது என்று அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் நாளில்தான் வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்குகிறது. சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருவார்கள்.

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றதில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பல் விஷயத்தில் வலியை நம்பக் கூடாது. பல்லின் மேலுறையான எனாமலுக்கு உணர்ச்சியே கிடையாது. அதில் ஓட்டை விழும்போது ஒன்றும் தெரியாது. அதற்கடியில் இருக்கும் தந்தினிக்குச் சொத்தை இறங்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் லேசாகக் கூசும். "ஐஸ் வாட்டர் குடிச்சா அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். நரம்பு இருக்கும் அறையைத் தொட்ட பிறகுதான் ராத்திரித் தூக்கம் போகும். தூக்கம் கெட்டு ஒருவர் வந்து நிற்கும்போது, முன்பே வந்திருந்தால் இது கால் மணி நேரத்தில் அடைத்து அனுப்பியிருக்க வேண்டிய பல் என்று எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த நேரத்தில் வலியைத்தான் நிறுத்த வேண்டும்.

வலி தாங்காமல் வீட்டில் செய்துகொள்ளும் வைத்தியங்களில் இரண்டு ரொம்பக் கெடுதல். ஒன்று, வலி மாத்திரையை விழுங்காமல் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கி வைப்பது. அந்த இடம் வெந்து, வெள்ளையாகத் தோலுரிந்து நிற்கும். பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, வீக்கத்துக்கு வெளியே சூடாக ஒத்தடம் கொடுப்பது. வாய்க்குள் உடைய வேண்டிய சீழ், கன்னத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பல்லைச் சரி செய்த பிறகும் அந்தத் தழும்பு முகத்தில் இருக்கும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் தாடையில் அந்தக் குழியைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

1990-களின் தொடக்கத்தில் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மாடிக்குக் கொண்டுவந்தார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்லாக வீங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-ல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவரின் பெயர் அது. வீக்கம் இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் மூச்சு அடைத்துவிடும். திருவண்ணாமலையில் அப்போது மருத்துவக் கல்லூரி இல்லை. 108 ஆம்புலன்ஸ் என்பதே பல வருஷம் கழித்து வந்தது. பஸ் நிலையத்திலிருந்து ஒரு அம்பாசிடர் காரை வரவழைத்து, படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே வேலூருக்கு அனுப்பினேன். எண்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். அங்கே கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்து, சீழை வெளியே எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். காரணம் கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின ஒரு சொத்தைப் பல். பல்வலியில் யாராவது சாவார்களா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆளைத்தான். 2013-ல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இப்படிப்பட்டவர்களை வெளியூருக்கு ஓட்டிக்கொண்டு போகும் நிலை குறைந்தது. வீங்கி வருபவர்கள் குறையவில்லை.

கருவிகள் மாறிய வேகத்துக்கு அளவே இல்லை. முகாம்களுக்குப் போகும்போது தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்துச் சுற்றும் டிரில் எடுத்துப் போவோம். பிறகு காற்றில் சுழலும் ஏர் ரோட்டர் வந்தது. பல்லைக் கடையும் நேரம் நிமிஷக் கணக்கில் குறைந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்களில் பாதி கடைந்த பல்லோடு நோயாளியும் நானும் கரண்டுக்குக் காத்திருந்ததும் உண்டு. பிலிமைக் கழுவிப் பார்த்த எக்ஸ்ரே இப்போது திரையில் உடனே தெரிகிறது. நான்கைந்து தடவை வரச் சொல்லிய ரூட் கெனாலைப் பல சமயம் ஒரே தடவையில் முடிக்கிறோம்.

ஆனால் என் தலைமுறை பார்த்த பெரிய மாற்றம் கையுறை. நாங்கள் படித்தபோது வெறும் கையோடுதான் வாய்க்குள் வேலை செய்தோம். கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைப்போம், அவ்வளவுதான். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்தப் பயம் சின்ன ஊர்களின் கிளினிக்குகளுக்கு வந்து சேர ஐந்தாறு வருஷம் ஆனது. அதன் பிறகுதான் ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை, அழுத்த நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் எல்லாம் பழக்கமாயின. கருவி எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாறாதது ஒன்று உண்டு. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற நம்பிக்கை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஊரில் பெரிய மனுஷர், வாய் நாற்றத்துக்கு மருந்து கேட்டு வந்தார். பேசும்போது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். திறந்து பார்த்தால் கீழ் முன்பற்களின் உள்பக்கம் பல்லே தெரியவில்லை. மஞ்சளும் கறுப்புமாக ஒரே பாளமாகக் காரை. எச்சில் சுரப்பியின் வாய் அந்த இடத்தில்தான் திறக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பல்லில் ஒட்டும் அழுக்கோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிறது. அழுக்கு ஒட்டி இரண்டு நாளில் இறுகத் தொடங்கிவிடும். இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் போகாது.

"க்ளீன் பண்ணணும் சார்" என்றேன். "வேணாம்பா. எங்க அண்ணன் க்ளீன் பண்ணிட்டு வந்தார், ஒரே வருஷத்துல நாலு பல்லு ஆடிப் போச்சு. மருந்து மட்டும் குடு" என்றார். அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, இன்னொரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து உள்பக்கத்தைக் காட்டினேன். அறுபது வயதுவரை தன் பல்லின் உள்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நடந்ததையும் விளக்கினேன். அந்தக் காரை ஈறைக் கீழே தள்ளி, பல்லைப் பிடித்திருந்த எலும்பையும் கரைத்துவிட்டிருக்கும். ஆடும் பல்லைக் கல் சேர்த்துக் கட்டி நிறுத்தியிருக்கும். கல்லை எடுத்ததும் இடுக்கு தெரிகிறது, காற்று படுகிறது, ஆட்டம் தெரிகிறது. பல்லை ஆட வைத்தது பல வருஷமாக எடுக்காமல் விட்ட காரை. பழி மட்டும் எடுத்தவர் மேல். வாத்தியார் சம்மதித்தார். இரண்டு தடவையாகச் செய்தோம். அதன் பிறகு வருஷா வருஷம் தீபம் முடிந்த வாரத்தில் வந்துவிடுவார். எழுபது தாண்டியும் முறுக்கு கடிப்பேன் என்று பெருமையாகச் சொல்வார்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். "எகிறுல ரத்தம் வருது, அதான் அந்தப் பக்கம் பிரஷ் போடறதில்ல" என்பார்கள். அழுக்கு தங்கியதால்தான் ரத்தம். தேய்க்காமல் விட்டால் இன்னும் தங்கும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் குறையும். குறையவில்லையென்றால் உள்ளே கல் இருக்கிறது என்று அர்த்தம், மருத்துவரிடம் வர வேண்டும்.

கிரிவலப் பாதையில் ஆலங்குச்சி, வேலங்குச்சிக் கட்டுகளும் மூலிகைப் பற்பொடியும் விற்கிறார்கள். குச்சியின் நுனியை நன்றாக மென்று நார் நாராக்கித் தேய்ப்பவர்களின் பற்கள் பல நேரம் நன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. செங்கல் பொடி, உமிக்கரி, மணல் கலந்த பொடிதான் பிரச்சினை. விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, ஈறுக்குப் பக்கத்தில் பல்லின் கழுத்து வெட்டுப்பட்ட மரம்போல் பள்ளமாகிவிடும். சில பொடிகளில் புகையிலையே கலந்திருந்தது. பல் மருந்துகளில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. அந்தப் பொடிக்குப் பழகிய பாட்டிமார், வெறும் புகையிலையை வறுத்துப் பொடித்துத் தேய்ப்பதற்கு மாறினார்கள்.

செங்கம் தாண்டி ஊத்தங்கரை, அரூர் பக்கத்திலிருந்து வருபவர்களின் பல்லில் காபிக் கறை போன்ற பழுப்புப் பட்டைகளைப் பார்ப்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்த வேலை அது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. பல் தாடைக்குள் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் அது. தேய்த்தால் போகாது. இது தெரியாமல் பொடி போட்டுத் தேய்த்து, பல்லையும் தேய்த்து, சிரிக்கவே கூச்சப்பட்டு வந்த இளம் பெண்கள் எத்தனையோ பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. காவிரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் இருக்காது என்று நம்புகிறேன்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றித் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கியபோது என் கம்பவுண்டர் திகைத்துப்போனார். வலி இல்லை, வீக்கம் இல்லை. "செக்-அப்" என்று வந்து உட்காருகிறார்கள். ஆறு மாதம் ஊரில் இருந்துவிட்டு விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தடவை க்ளீனிங் செய்துகொண்டு போவார்கள். அவர்களின் பல் நம் பல்லைவிட உயர்ந்ததாக இருந்ததில்லை. வயதானவர்களின் வாய் நிறையப் பழைய வெள்ளி அடைப்புகள். சர்க்கரை தாராளமாகக் கிடைத்த தேசங்களில் பிறந்து, சின்ன வயதிலேயே சொத்தையால் அவதிப்பட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்ற இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940-களில் ஒட்டும் மிட்டாயை நாள் முழுக்கக் கொடுத்துப் பல் கெடுவதை அளந்தார்கள். கேட்க ஆளில்லாதவர்கள் மேல் நடத்திய அந்தச் சோதனையை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. அதில் தெரியவந்த உண்மை மட்டும் இன்றும் நிற்கிறது: எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. கடலை மிட்டாய் தின்ன வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்று வாய் கொப்பளித்துவிடுங்கள் என்பேன். மணிக்கு ஒரு தடவை சர்க்கரை போட்ட டீ குடிக்கும் கடைக்காரர்களின் பல்தான் எனக்கு அதிகம் வேலை வைக்கிறது.

இனி, எனக்கு மிகவும் பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வயதுக் கடவாய்ப் பல்.

பள்ளிக்கூட முகாம்களில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போவோம். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயில் கீழ்வரிசைக் கடைசியில் பெரிய பல், அதன் நடுவில் கறுப்பாக ஓட்டை. அம்மாவை வரச் சொன்னால், "விழுந்து முளைக்கிற பல்லுதானே சார்?" என்பார். இல்லை. அது விழாது. பால்பல் இருபதுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், ஆறு வயது வாக்கில் ஓசைப்படாமல் நாலு மூலையிலும் முளைக்கும் பல் அது. அதற்குப் பதிலாக இன்னொன்று முளைக்கவே முளைக்காது. எந்தப் பல்லும் விழாததால் புதிதாக ஒன்று வந்ததே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அங்கேதான் போய் உட்காரும். பிள்ளையின் சின்னக் கையிலுள்ள பிரஷ் அதுவரை எட்டாது. அடுத்து வரும் பற்கள் எங்கே நிற்க வேண்டும், மேல்தாடையும் கீழ்தாடையும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பல்லை வைத்துத்தான். இருபது வயதில் முதல் பல்லைப் பிடுங்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் விரல் வைத்துக் காட்டுவது இதைத்தான்.

அவலூர்பேட்டை சாலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணை அழைத்து வந்தார். பெண்ணுக்கு எட்டு வயது. நாலு ஆறு வயதுப் பற்களில் மூன்றில் சொத்தை. ஒன்று நரம்புவரை போய்விட்டது. "காலையில மட்டும்தான் தேய்ப்பா, ராத்திரி பால் குடிச்சிட்டுத் தூங்கிடுவா" என்றார். ராத்திரித் தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும். பல்லில் ஒட்டிய சர்க்கரைப் பாலைக் கழுவ எதுவும் இருக்காது. சொத்தைக்கு ஏற்ற நேரம் அதுதான். இரண்டு பல்லை அடைத்தேன், ஒன்றைக் காப்பாற்ற ஒரு மாதம் போராடினேன். நன்றாக இருந்த நாலாவது பல்லின் பள்ளத்தில் மெல்லிய பூச்சு போட்டு மூடிவிட்டேன். பத்து நிமிஷ வேலை, ஊசி இல்லை, கடைதல் இல்லை, வலி இல்லை. அடுத்த வருஷம் அந்த அம்மா தன் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனுக்கு நாலுக்கும் அந்தப் பூச்சைப் போட்டுடுங்க" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பெரியவர்களின் வாய் வேறு சங்கதிகளைச் சொல்லும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், ஈறில் மாறி மாறிச் சீழ்க்கட்டி என்று வந்தவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிக் கண்டுபிடித்ததுண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். போளூர் பக்கத்து அம்மா ஒருவருக்கு ஈறு வளர்ந்து பல்லில் பாதியை மூடியிருந்தது. புற்றுநோய் என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். மாத்திரைச் சீட்டைப் பார்த்து, அவருடைய மருத்துவரிடம் பேசி மாற்றச் சொல்லி, காரையைச் சுத்தம் செய்ததும் சில மாதங்களில் வடிந்துவிட்டது. பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் பல்லுக்காக அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

புகையிலைக்கு வருகிறேன். லாரி ஓட்டுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள், இப்போது கல்லூரிப் பையன்கள். உட்கார்ந்ததும் நான் முதலில் சொல்வது, "மூணு விரலை நட்டுக்குத்தலா வாயில வைங்க." நல்ல வாய் என்றால் அவரவர் விரல் மூன்றும் மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் நுழையும். பாக்கும் புகையிலையும் அடக்குபவர்களுக்கு இரண்டு நுழையும், பிறகு ஒன்று. கன்னத்தின் உள்தோல் வெளுத்து, நாராக இறுகிப் போயிருக்கும். காரம் பட்டால் எரியும். சாப்பாட்டைப் பிசைந்து சின்ன உருண்டையாக்கித் தள்ளுவார்கள். அந்த இறுக்கம் திரும்ப இளகாது. பழக்கத்தை விட்டால் மேலே போகாமல் நிற்கும். விடாதவர்களில் ஒரு பகுதியினருக்கு அது புற்றுநோயாகிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் குட்காவுக்குத் தமிழக அரசு தடை போட்டது; பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

இந்த ஊரில் எனக்கு ஒரு துணை உண்டு. கார்த்திகையில் மாலை போடும் வழக்கம். வருஷம் முழுக்க விட முடியாது என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர், மாலை போட்ட அன்றே பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றும்போது பார்த்தால் வாயில் எரிச்சல் குறைந்திருக்கும், வெள்ளைப் படலம்கூட மெலிந்திருக்கும். "இத்தனை நாள் விட்டவருக்கு இன்னும் ஒரு மாசம் முடியாதா?" என்று அப்போதுதான் கேட்பேன். மார்கழி, தை மாதங்களில் வரச் சொல்லிக் கண்ணாடியில் காட்டுவேன். பாதிப் பேர் திரும்பவும் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் நின்றிருக்கிறார்கள். அந்த மீதிப் பேருக்காக ஒவ்வொரு கார்த்திகையிலும் இதைச் செய்கிறேன்.

நாக்கின் ஓரத்தில், கன்னத்தில், நாக்குக்கு அடியில் ஆறாத புண் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அது வலிக்காது. வலிக்காததால் வர மாட்டார்கள். வலியோடு வருபவர்களைக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ சீட்டு எழுதி அனுப்பும்போது, போன வருஷம் ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பரிசோதனை என்றால் பல்லை எண்ணுவது என்று நினைக்கிறார்கள். நான் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரத்தையும் பார்ப்பேன், கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன், கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பல் அதற்கப்புறம்தான்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம்வரை, அவரவர் வாயின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லி 2004-ல் வழிகாட்டினார்கள். என் வழக்கமும் ஏறக்குறைய அதுதான். சர்க்கரை உள்ளவர், புகையிலை போடுபவர் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை. பிள்ளைகள் ஆறு மாதம். வாய் சுத்தமாக இருப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். போனால் இல்லாத ஓட்டையைச் சொல்லிக் காசு பிடுங்குவார்கள் என்ற பயமும் மக்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் காட்டுங்கள், எக்ஸ்ரேயைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் இன்னொரு தடவை காட்டுங்கள். அவசரப்பட வேண்டியது வீக்கத்துக்கும் ஆறாத புண்ணுக்கும்தான். மற்றதெல்லாம் இரண்டு பேரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

சந்தையிலும் நடைபாதையிலும் அரை மணியில் பல் கட்டித் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பக்கத்துப் பல்லோடு பசைபோல் இறுகும் பிளாஸ்டிக்கை ஊற்றி ஒட்டிவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாது. ஒரு பல்லுக்காகப் போனவர், அடியில் ஈறு அழுகிப்போய் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் சேர்த்து இழப்பார்.

உங்கள் வீட்டில் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால், நாளைக் காலை வெளிச்சத்தில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பெரிதாக, வெள்ளையாக, பள்ளங்களோடு புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கிறதா என்று நாலு மூலையிலும் பாருங்கள். இருந்தால், பெரிய கறுப்பு எதுவும் இல்லாவிட்டாலும், இந்த மாதமே ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்தப் பல்லின் பள்ளத்தை மூடலாமா என்று நீங்களே கேளுங்கள். ராத்திரி பால் குடித்த பிறகு ஒரு தடவை நீங்களே பிரஷ்ஷைப் பிடித்துத் தேய்த்துவிடுங்கள். எட்டு வயதுவரை அந்த வேலை உங்களுடையது. அப்படியே தாத்தா பாட்டியின் வாயையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.